மழைக்காலமும் மழலைகளின் உயிரும்



காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் பருவகாலம் உண்டென்பதை யாவரும் அறிவோம். நோயில்லாத குழந்தைக்குத் திடீரென நேரிடும் துர்மரணத்துக்கும் பருவகாலம் உண்டு. வங்காளதேசத்தில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன.

ஆறுகளும் குளங்களும் நிறைந்த அந்நாட்டில், 1 முதல் 4 வயதுள்ள பிள்ளைகளின் மரணத்துக்கு நீரில் மூழ்குதல் ஒரு முக்கிய காரணம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மழையால் குட்டைகளும் பள்ளங்களும் நிரம்பும் மாதங்களிலேயே இது அதிகம். அந்நாட்களிலும் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரையே மிகவும் ஆபத்தான வேளை. தகப்பன் வேலைக்குப் போயிருப்பார். தாய் சமையலில் இருப்பாள். மூத்த பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். நடக்கப் பழகிய குழந்தை வீட்டருகேயுள்ள குட்டைக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் சத்தமே கேட்பதில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இக்குழந்தைகளில் பலர் மருத்துவமனைக்கு வந்து சேருவதேயில்லை. ஆகவே இங்கே மருந்தைவிடக் காவலே அவசியம். அங்குள்ள கிராமங்களில், பயிற்சி பெற்ற ஒரு பெண் அந்த ஆபத்தான வேளையில் 20 முதல் 25 குழந்தைகளைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் ஏற்பட்டன. அவற்றில் சேர்ந்த பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. 2022-ல் அந்நாட்டு அரசு 8,000 காப்பகங்கள் அமைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. அதனால் நேரம் வீணாகும். மூச்சில்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். நெஞ்சை அழுத்தும் முதலுதவியையும் தொடர வேண்டும்.

நம் கிராமங்களிலும் சுற்றுச்சுவரில்லாத கிணறுகளும் மூடாத தொட்டிகளும் உண்டு. ஒரு வாளித் தண்ணீர்கூடத் தவழும் குழந்தைக்குப் போதும். பிள்ளையை இழந்த தாயை ஊரார் குற்றப்படுத்துவதுண்டு. ஆனால் அவளுக்குத் தேவைப்பட்டது, அந்த நான்கு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர்.

சுகமடைந்த குழந்தையின் படத்தை உங்களுக்கு அனுப்ப எங்களால் முடியும். மூழ்காமல் காக்கப்பட்ட குழந்தையின் படத்தை அனுப்ப முடியாது. அது யாரென்று எங்களுக்கே தெரியாது. ஆகிலும் கிணற்றுக்கு மூடி போடவும், பிள்ளைகளுக்குக் காவல் வைக்கவும் செலவிடப்படும் காணிக்கை வீண்போவதில்லை. மழை தொடங்குமுன் உங்கள் வீட்டுத் தொட்டியையும் ஒருமுறை பாருங்கள். இச்சிறியோருக்காக எங்களோடு ஜெபியுங்கள்.