வோட்டு எண்ணிக்கையில் விரைவும் சரிபார்ப்பும்

1951-52-இல் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு அபேட்சகருக்கும், அவருடைய சின்னத்துடன், தனிப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டிவாரியாகச் சீட்டுக்களை எண்ணினால் போதும். பின்னர் ஒரே சீட்டில் முத்திரையிடும் முறை வந்தது; சீட்டுக்களை அபேட்சகர்வாரியாகப் பிரித்து, கட்டி, எண்ண வேண்டியதாயிற்று.

மின்னணு இயந்திரம் இவ்வேலையைச் சுருக்கியது. முடிவுப் பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொருவரும் பெற்ற வோட்டுக்களின் தொகை தெரிகிறது. ஆயினும் விரைவு மட்டும் போதாது. 1982-இல் கேரளத்தின் பரூர் தொகுதியில் 50 சாவடிகளில் இவ்வியந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லையென 1984-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அச்சாவடிகளில் சீட்டு முறையில் மறுபடியும் வோட்டெடுப்பு நடந்தது, முடிவே மாறிற்று. 1989-இல் நடைமுறைக்கு வந்த திருத்தமே இயந்திரத்துக்குச் சட்ட இடமளித்தது.

2019-ஆம் ஆண்டின் லோக்சபைத் தேர்தலில், ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் 5 சாவடிகளில் இயந்திரம் அச்சிட்ட காகிதச் சீட்டுக்கள் கையால் எண்ணப்பட்டு, இயந்திரத் தொகையுடன் ஒப்பிடப்பட்டன. இதற்கு நேரம் கூடுதலாகவே செலவாகும். அது வீண் தாமதமன்று. தோற்றவரும் முடிவை ஏற்பதற்கு அதுவே ஆதாரம்.

எண்ணும் மேஜையில் அமரும் ஆசிரியரும் ஊழியரும் இதனை நினைவிற் கொள்வாராக. சாவடியில் நிரப்பப்பட்ட 17-சி படிவத்தின் மொத்தத்தை இயந்திரத்தின் மொத்தத்துடன் ஒப்பிட்ட பின்னரே முடிவை எழுதுதல் வேண்டும்.