மலை ஏறியதும் இன்ஜினை ஆஃப் பண்றீங்களா? டர்போவுக்கு ஒரு நிமிஷம் கொடுங்க பாஸ்!

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 ஹேர்பின் பெண்டுகள். காருக்குள்ள அஞ்சு பேர், டிக்கி முழுக்க லக்கேஜ், ஏசி வேற ஓடுது. செகண்ட், தேர்டுன்னு மாத்தி மாத்தி மிதிச்சு ஏத்திட்டு, வியூ பாயின்ட்டில் ஓரங்கட்டுறீங்க. 'டேய், வரையாடு!'ன்னு பின்சீட்ல இருந்து சத்தம். அடுத்த செகண்டே இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, போனைத் தூக்கிக்கிட்டு ஓடுறீங்க.

உங்களோடது டர்போ இன்ஜின்னா, வரையாடு ஒரு நிமிஷம் காத்திருக்கட்டும்.

'நம்மளோடது சின்ன கார்தானே'ன்னு நினைக்காதீங்க. இப்போ டீசல் கார் என்றாலே கிட்டத்தட்ட டர்போதான். வென்யூவின் 1.0 லிட்டர், நெக்ஸானின் 1.2 லிட்டர் எனப் பெட்ரோலிலும் டர்போ வந்தாச்சு.

டர்போவில் என்னதான் நடக்குது? இன்ஜினில் இருந்து வெளியேறும் புகை, ஒரு குட்டி விசிறியைச் சுற்ற வைக்கும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். நல்லா மிதிச்சு ஓட்டும்போது, பெட்ரோல் இன்ஜினின் புகை 900 டிகிரி செல்சியஸைத் தொடும். இவ்வளவு சூட்டில், இவ்வளவு வேகத்தில் சுற்றும் தண்டைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம். தேய்மானத்தைத் தடுக்கிறதும் அதுதான், சூட்டை வாங்கிட்டுப் போறதும் அதுதான்.

பொதுவா, அந்த ஆயிலை அனுப்புற பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். ஆஃப் பண்ணதும் ஆயில் நின்னுடும், சூடு நிக்காது. அடுப்பை அணைச்ச பிறகும் இரும்பு தோசைக்கல் கொதிச்சுக்கிட்டே இருக்கும் இல்லையா? அதில் தேங்கின எண்ணெய் கருகி, சுரண்டினாலும் வராத பிசுக்காகிடும். டர்போ பேரிங்கில் மாட்டின ஆயிலுக்கும் இதே கதிதான். மெக்கானிக்குகள் இதை 'கோக்கிங்' என்பார்கள். ஒருநாள் செய்தால் ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்கில் செய்தால் கரி சேர்ந்து ஆயில் பாதை அடைக்கும், பேரிங் தேயும். அப்புறம் சைலன்ஸரில் நீலப் புகை, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா சைரன் மாதிரி ஊளை, இழுவைக் குறைவு. டர்போவை மாத்தணும்னு சொன்னா பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

பயமுறுத்தலை இதோட நிறுத்திக்கலாம். ஏன்னா, இன்றைய பெட்ரோல் டர்போக்களில் பெரும்பாலானவற்றுக்கு கூலன்ட் சுற்றும் வசதியும் உண்டு. சிலவற்றில் இன்ஜின் நின்ற பிறகும் எலெக்ட்ரிக் பம்ப் கூலன்ட்டைச் சுற்ற வைக்கும். காரைப் பூட்டிட்டு நடக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் 'கிர்ர்ர்'னு ஓடினால் பதறாதீங்க. அது தன் வேலையைப் பார்க்குது.

ஆபீஸ் முடிஞ்சு டிராஃபிக்கில் ஊர்ந்து வீட்டுக்கு வர்றீங்களா? தாராளமா உடனே ஆஃப் பண்ணலாம். கடைசி ரெண்டு, மூணு கிலோமீட்டரை மெதுவா ஓட்டினதிலேயே டர்போ ஆறியிருக்கும். மலையில் இருந்து இறங்கும்போதும் கவலை இல்லை. இன்ஜினுக்குப் பெருசா வேலையே இருக்காது. அங்கே கொதிக்கிறது பிரேக்தான்.

மெனக்கெட வேண்டியது ரெண்டு இடத்தில். ஒண்ணு, மலை ஏறி நின்னதும். இன்னொண்ணு, ஹைவேயில் நூறில் பறந்து வந்து, உளுந்தூர்பேட்டை மோட்டலுக்குள் சட்டென நுழையும்போது. 30 செகண்டில் இருந்து ஒரு நிமிஷம் வரை ஐடிலிங்கில் விடுங்க. சீட் பெல்ட்டைக் கழற்றி, செருப்பைத் தேடுறதுக்குள்ள முடிஞ்சிடும். உங்க காருக்கு எவ்வளவு நேரம் என்று ஓனர்ஸ் மேனுவலில் சொல்லியிருந்தால் அதுதான் வேதம். ஆனால், அஞ்சு, பத்து நிமிஷம் ஓட விடுறதில் பலன் இல்லை. டீசல் காரில் கரிதான் சேரும். மூடின கராஜில் அது உயிருக்கே ஆபத்து.

அந்தக் காலத்து அம்பாஸடர் பழக்கம் ஒண்ணு இன்னும் சிலரிடம் இருக்கு. ஆஃப் பண்றதுக்கு முன்னால 'வ்ர்ரூம்'னு ஒரு ரெவ்! டர்போவுக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. தண்டை வேகமா சுத்தவிட்டு, அதே நொடியில் ஆயிலைப் பிடுங்குற மாதிரி. காலையில் ஸ்டார்ட் பண்ணதும் ரெவ் பண்றதும் அப்படித்தான். ஆயில் மேலே போய்ச் சேர்றதுக்குள்ள தண்டு சுத்த ஆரம்பிச்சிடும். பானெட்டைத் திறந்து தண்ணி ஊத்துற வேலையும் வேண்டாம். கொதிக்கிற வார்ப்பிரும்பு விரிசல் விட்டுடும்.

பழைய ஆயில் சீக்கிரம் கருகும். அதனால் ஒரு நிமிஷ ஐடிலிங்கை விட, சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதுதான் முக்கியம்னு நான் சொல்வேன். செகண்ட் ஹேண்டில் டர்போ கார் வாங்கப் போறீங்கன்னா, பெயின்ட்டைத் தட்டிப் பார்க்குறதுக்கு முன்னால ஆயில் மாத்தின பில்களைக் கேளுங்க.