மல்லர்களில் சிரேஷ்டர் யார்?

சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டையை இரசித்த வடசென்னையில், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தை அடுத்த தேநீர்க் கடையிலுங்கூட, மல்யுத்தப் பேச்சு எழுந்துவிட்டால் தாரா சிங்கின் 1968ஆம் ஆண்டு விவாதத்துக்கு வராமற்போகாது. அவ்வாண்டு மே 29 அன்று பம்பாயில் அவர் அமெரிக்க மல்லர் லூ தெஸ்ஸை வீழ்த்தியதே தலைசிறந்த போட்டி என்பது பலருடைய பக்ஷம். ஆயினும், தெஸ்ஸுக்கு அப்போது வயது 52, தாரா சிங்குக்கோ 39 என்பதை மறந்துவிடலாகாது. தவிர, தொழில்முறை மல்யுத்தத்தில் ஜயாபஜயம் பெரும்பாலும் முன்னரே நிச்சயிக்கப்படுவதாகையால், மேடைப் பலகை அதிர விழுந்து, எதிராளியின் பலத்தைச் சபையோர் நம்பும்படி செய்தவர் யார் என்பதே உரைகல். அதில் தேய்த்துப் பார்த்தால், பருத்த சரீரத்தோடு வந்து, வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, தாரா சிங்கிடம் தோற்ற கிங்காங் என்ற மல்லருக்கே என் வாக்கு.