இரவில் அரிக்கும் சிரங்கு

உடலைப் போர்த்திக் காக்கும் தோலுக்கு வரும் தொல்லைகள் பல. கோடையில் வேர்க்குரு வரும். காற்றோட்டமும் பருத்தி உடையும் கிடைத்தால் தானே மறைந்துவிடும். ஈர உடையோடு இருப்பவர்களைப் படர்தாமரை எளிதில் பற்றும். ஆனால் வீட்டிலும் விடுதியிலும் ஒருவரை விட்டு ஒருவரைப் பிடித்துக்கொண்டே போவது சிரங்குதான். எல்லோரும் மறைக்கிற நோயும் இதுவே. ஆகவே இதைப் பற்றி எழுத முன்வந்தோம்.

உடற்சூட்டினால் சிரங்கு வருகிறது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மையில் இதற்குக் காரணம் எட்டுக் கால்களுடைய ஒரு நுண்ணிய பூச்சி. அதன் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இராது. இத்தாலியைச் சேர்ந்த போனோமோ என்ற மருத்துவரும் செஸ்டோனி என்ற மருந்தாளரும் 1687-ஆம் ஆண்டிலேயே நுண்ணோக்கியில் இதைக் கண்டு எழுதினர். ஆயினும் 1834-இல் பாரிஸ் நகரில் இப்பூச்சியை ஊசிமுனையால் எடுத்துக் காட்டிய பிறகே மருத்துவர்கள் பலர் நம்பினர். எனவே நம் பாட்டிமார்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை!

பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் சுரங்கம்போலத் துளைத்துச் சென்று, நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடுகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள் எழுகின்றன. இரவில் அரிப்பு மிகுதியாகித் தூக்கத்தைக் கெடுக்கிறது. சொறிந்த இடத்தில் கிருமிகள் புகுந்து சீழ் வைப்பதும் உண்டு. சில கிருமிகளால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆதலால் 'வெறும் அரிப்புத்தானே' என்று விட்டுவிடலாகாது.

இப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. தினமும் இருவேளை குளிப்பவரையும் அது விடாது. கை கோத்து நடப்பதாலும் ஒரே பாயில் படுப்பதாலும் பரவுகிறது. முதன்முறையாகப் பூச்சி ஏறியவருக்கு அரிப்புத் தொடங்க 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் அவர் அறியாமலே பிறருக்குக் கொடுத்துவிடுவார். சொறிகிறவளுக்கு மட்டும் மருந்து போட்டால், சொறியாத தங்கையிடமிருந்து அது திரும்பி வருவது இதனால்தான். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஒரே இரவில் மருந்து போட வேண்டும்.

பெரும்பாலும் மருத்துவர்கள் தருவது 5 சதவீதப் பெர்மெத்ரின் களிம்பு. கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரல் இடுக்கிலும் நகத்தடியிலும் விடாமல் பூசி, இரவு முழுவதும் வைத்திருந்து, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். உடை, போர்வை, தலையணை உறைகளைக் கொதிநீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். துவைக்க முடியாதவற்றைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். மனித உடலை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாழாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கி நோயை மறைத்துவிடும். படர்தாமரைக்கோ அது இன்னும் கெடுதல்.

அன்னையரிடமும் விடுதிச் சகோதரிகளிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 'யாருக்குச் சிரங்கு?' என்று எல்லோர் முன்னும் கேட்டால் ஒரு கையும் உயராது. சட்டைக் கை மட்டும் இன்னும் கீழே இறங்கும். தனியே அழைத்துக் கேட்டால் நாங்கள் சொல்லிவிடுவோம்.

மருந்து போட்ட பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை அரிப்பு இருக்கக்கூடும். அதைக் கண்டு பயந்து தினமும் களிம்பு பூசத் தேவையில்லை. அதற்குப் பிறகும் புதுக் கொப்புளங்கள் எழுந்தால் மீண்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.