படித்துவிட்டுப் புல் வெட்டப் போகலாம்

“படிக்காவிட்டால் புல் வெட்டத்தான் போவாய்.” கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த பலரும் கேட்டுப் பழகிய ஏச்சு இது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலும் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்து லயங்களிலும், கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குப் பெற்றோர் காட்டிய பூச்சாண்டி இதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்குப் புல் வெட்டுவது வெயிலில் முதுகு வேகும் நாள்கூலி வேலை. தம் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று நினைத்தார்கள். இன்று அந்தப் புல் பல்கலைக்கழகப் பாடமாகிவிட்டது. நம் வீட்டு ஏச்சு மட்டும் மாறவில்லை.

அன்று எப்படி இருந்தது? 1884ல் சிலாங்கூர் கிளப் தொடங்கியது. அதன் முன்னிருந்த பாடாங்கில், அதாவது இன்றைய மெர்டேக்கா சதுக்கத்தில், வெள்ளைக்காரத் துரைமார்கள் கிரிக்கெட் ஆடினார்கள். 1893ல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப்பும் வந்தது. ரயில்வேக்கும் பொதுப்பணிக்கும் நகரத் துப்புரவுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்த காலம் அது. சாலையோரப் புல்லும் திடல் புல்லும் அவர்கள் கைக்கே வந்து சேர்ந்தன. நீண்ட பிடியும் வளைந்த முனையும் கொண்ட வெட்டுக் கத்தியை இடுப்பைத் திருப்பி வீசி, வரிசையாக நகர்ந்து வெட்டுவார்கள். ஆடி ஜெயித்தவர்கள் பெயர் கோப்பைகளில் பொறிக்கப்பட்டது. திடலைத் திடலாக வைத்திருந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அது வெறும் உடலுழைப்பு அல்ல. கோல்ஃப் திடல்களில் விடிந்ததும் நடக்கும் ஒரு வேலையைப் பாருங்கள். நீண்ட மூங்கில் கழியைக் கிரீன் மீது, அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய தரை மீது, தரையோடு தரையாக இடமும் வலமும் வீசிப் பனியை உதறுவார்கள். இலையில் ஈரம் நெடுநேரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். மண்புழு வெளியே தள்ளிய சிறு மண்கட்டிகளும் அந்த வீச்சில் சிதறிவிடும். பிறகு வெட்டும் இயந்திரம் தடையின்றி ஓடும். பயிர்நோயியல் என்று பின்னாளில் வகுப்பில் சொல்லித் தந்ததில் ஒரு பங்கு, பள்ளிக்கூடம் போகாதவர்களின் தோள்பட்டையில் ஏற்கனவே இருந்தது.

பிறகு தோட்டங்களே திடல்களாயின. 1980, 90களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பரும் செம்பனையும் சாய்க்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளும் கோல்ஃப் திடல்களும் எழுந்தன. ரப்பர் தோட்டமாக இருந்த புக்கிட் கியாராவில் இன்று கோல்ஃப் திடல்களும் குதிரையேற்ற மையமும் இருக்கின்றன. அங்கே பால் வெட்டியவர்களின் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் அருகிலேயே நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீட்டுக்காக அவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்புக்கு, எழுந்த அதே விடியலில் எழுந்து, தாங்கள் பால் வெட்டிய மண்ணிலேயே புல் வெட்டப் போனவர்களும் உண்டு. மண் கைமாறியது, அதை அறிந்தவர்கள் கூலியாகவே நின்றார்கள்.

உலகம் இதை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கி வெகுநாளாகிறது. 1927லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரியில் லாரன்ஸ் டிக்கின்சன் என்ற ஆசிரியர், திடல் காப்பவர்களுக்கென்று குளிர்கால வகுப்பு நடத்தினார். 1960ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் கிரீன் கட்டுவதற்கு ஒரு முறையை வகுத்தது. அடியில் சுமார் 10 சென்டிமீட்டர் சரளை, மேலே சுமார் 30 சென்டிமீட்டர் மணல். அளவான ஈரத்தை மணல் பிடித்து வைக்கும். மிஞ்சினால் சரளை வழியே வடிந்துவிடும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் கோலாலம்பூருக்கு இது உயிர்நாடியான பாடம். களிமண் தரையில் மழையும் மிதியும் சேர்ந்தால் மண் இறுகிப்போகும். காற்றில்லாமல் வேர் திணறும்.

நம் பக்கத்தில் செர்டாங் இருக்கிறது. 1931ல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1971ல் பல்கலைக்கழகமாகி, இன்று மலேசிய புத்ரா பல்கலைக்கழகமாக நிற்கும் இடம். அங்கே தோட்டக்கலைப் பட்டப்படிப்பு உண்டு. அதன் ஆய்வாளர்கள் கடல்நீரின் உப்பைப் புல்வகைகள் எவ்வளவு தாங்கும் என்று சோதித்தார்கள். பாஸ்பாலம், ஸோய்சியா வகைகள் நன்றாகவே தாங்கின. குடிநீர் தட்டுப்பாடு அடிக்கடி வரும் சிலாங்கூரில், எந்தப் புல்லுக்கு எந்தத் தண்ணீர் போதும் என்பது சாதாரணக் கேள்வியா?

இந்தப் படிப்பின் அருமை புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. 2022ல் அந்தத் திடலின் நிலை நாடெங்கும் விவாதமானது. அங்கே இருந்தது மாட்டுப்புல். அகலமான இலை, மேலோட்டமான வேர். வீடுகளின் முன்னால் நன்றாக வளரும். ஆணிக் காலணியோடு ஆட்டக்காரர் சட்டென்று திரும்பினால் பெயர்ந்து வந்துவிடும். 2023ல் அதை அகற்றி ஸியோன் ஸோய்சியா போட்டார்கள். அடர்த்தியான, இழுபடாத புல். ஆனால் மெதுவாக வளர்வதால், கிழிந்த இடம் மூடவும் நாளாகும். ஆகவே எத்தனை ஆட்டம், இடையில் எத்தனை நாள் ஓய்வு என்று கணக்குப் போடத் தெரிந்த ஆள் வேண்டும்.

அப்படிப்பட்டவர் திடலில் குழாய்க் கருவியை அழுத்தி, விரல் கனத்துக்கு மண்ணை எடுத்துப் பார்ப்பார். வேர் வெண்மையாக ஆழமாக இறங்கியிருந்தால் சரி. கறுத்த படலமும் அழுகல் முட்டை நாற்றமும் இருந்தால், உள்ளே காற்றில்லை, வடிகால் அடைத்திருக்கிறது என்று பொருள். அரைமணி நேரத்தில் மருந்தா, மணலா, துளையிடுதலா என்று முடிவு செய்வார்.

நல்ல திடல் என்ன தரும் என்பதற்குக் கிள்ளானே சாட்சி. 2025 பிப்ரவரி 2 அன்று, கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் ஓவலில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான டி20 உலகக்கோப்பை இறுதியாட்டம் நடந்தது. தென்னாப்பிரிக்காவை வீழ்த்தி இந்தியா கோப்பை வாங்கியது; மதுரைப் பெண் கமலினி தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். தமிழர்கள் அடர்ந்து வாழும் கிள்ளானில், ஒரு தமிழ்ப்பெண்ணுக்கு உலக மேடையாக அமைந்தது நம்மூர்ப் புல்தரை.

ஆனால் இன்று திடலில் குனிந்து வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மேலே முடிவெடுக்கும் நாற்காலிக்குப் படித்தவர் தேவை. கூலி வேலையை விட்டு நம்மவர் நகர்ந்தது நல்லதுதான். அந்த நாற்காலி நோக்கி நகரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மூன்று தலைமுறை அனுபவத்தை வெட்கம் என்று நினைத்து நாமே கைவிட்டோம்.

வழி இல்லாமல் இல்லை. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்தவர்கள் வேளாண்மை, தோட்டக்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வேலை அனுபவத்தையே சான்றாகக் கொண்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் ‘முன் சாதனை அங்கீகாரம்’ என்ற ஏற்பாடும் அரசிடம் உண்டு. பல்லாண்டு திடல் வேலை பார்த்தவர்கள் தங்கள் துறைக்கு அது கிடைக்குமா என்று திறன் மேம்பாட்டுத் துறையில் விசாரிக்க வேண்டும். நம் சங்கங்களும் கோயில் கல்வி நிதிகளும் மருத்துவம், சட்டம் என்பதோடு நிற்காமல், மண்ணையும் செடியையும் படிக்க வரும் பிள்ளைக்கும் கைகொடுக்க வேண்டும்.

பெற்றோர்களே, அந்த ஏச்சை இனி விட்டுவிடுங்கள். பிள்ளை திடலையும் செடியையும் விரும்பினால், எந்தப் பல்கலைக்கழகத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்று அவனோடோ அவளோடோ உட்கார்ந்து பாருங்கள்.