கூசும் செவிக்கு ஏற்ற இசை

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் வகுப்பாசிரியனாக இருந்த பள்ளியில், காலை வழிபாட்டு வேளையில் ஒரு சிறுவன் நாள்தோறும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு நிற்பான். ஒலிபெருக்கியில் ஆர்மோனியமும் ஜால்ராவும் முழங்கிக்கொண்டிருக்கும். இறைவாழ்த்தை அவமதிக்கிறான் என்று எண்ணி, ஒருநாள் அனைவர் முன்னிலையிலும் அவன் கைகளைப் பற்றிக் கீழே இழுத்துவிட்டேன். அவன் அழவில்லை, கண்களை இறுக மூடிக்கொண்டான். வீட்டில் எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தாலும் அவனுக்குக் காது வலிக்கும் என்பதை, மறுநாள் அவன் அன்னையார் வந்து சொல்லித்தான் அறிந்தேன். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியலுக்கு நல்ல மதிப்பெண் பெற்றவன் நான்!

பல் கூச்சமும் கண் கூச்சமும் நாம் அறிந்தவை. அவை போன்றே செவிக்கும் கூச்சம் உண்டு. பிறர்க்கு இயல்பாக இருக்கும் ஒலி சிலர்க்குத் தாங்கொணாப் பேரொலியாகவோ வலியாகவோ தோன்றும். மருத்துவர் இதனை ஹைப்பர்அக்யூசிஸ் என்பர். நடுச்செவியில் அங்கவடி என்னும் சிற்றெலும்பு ஒன்று உண்டு. அதனைப் பற்றியிருக்கும் தசையே நம் எலும்புத் தசைகளுள் மிகச் சிறியது. பேரொலி எழும்போது அது சுருங்கி, உட்செவிக்குச் செல்லும் அதிர்வை ஓரளவு குறைக்கிறது. முகவாதத்தால் இத்தசை செயலிழந்தவர்க்கு ஒலிகள் உரத்துக் கேட்பதுண்டு. ஆயினும் செவிக்கூச்சத்திற்கு இஃது ஒன்றே காரணமன்று. வேறொரு சாராருக்கோ ஒலியின் அளவு பொருட்டன்று. பிறர் மெல்லும் ஒலி, மூக்குறிஞ்சும் ஒலி போன்ற சில ஓசைகளே அவர்க்குச் சினமும் அருவருப்பும் ஊட்டும். இதற்கு மிசோபோனியா என்று பெயர்.

அப்படியானால் இவர்களை நிசப்தத்திலேயே இருத்திவிடலாமே என்று கேட்கத் தோன்றும். எந்நேரமும் காதை அடைத்து வைத்தால் கூச்சம் மிகக்கூடும் என்று செவி மருத்துவர் எச்சரிக்கின்றனர். ஆதலின் தாங்கத்தக்க ஒலி அவர்களுக்கும் வேண்டும். இசையும் வேண்டும். எத்தகைய இசை என்பதே வினா.

பின்னணியில் மெல்ல நிலவி, கேட்பவர் கவனத்தை வற்புறுத்தி இழுக்காத இசையை இக்காலத்தில் சூழிசை என்கிறோம். இதற்குப் பெயர் தந்தவர் பிரையன் ஈனோ என்னும் ஆங்கிலேயர். 1975-ஆம் ஆண்டில் அவர் விபத்துக்குள்ளாகிப் படுக்கையில் கிடந்தார். யாழ் போன்ற ஹார்ப் கருவியின் இசைத்தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. ஒலி மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. இரு ஒலிபெருக்கிகளுள் ஒன்று வேலை செய்யவுமில்லை. எழுந்து சென்று திருத்த அவருக்கு வலுவில்லை. வெளியே பெய்த மழையோடு கலந்து அரைகுறையாக வந்த அவ்விசை, புதுவகையில் கேட்கும் வழியை அவருக்குக் காட்டிற்று. பின்னர் அவர் ‘விமான நிலையங்களுக்கான இசை’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. இசைத்தட்டின் தன்மையினும், அது ஒலித்த அளவே அங்கே பெரிதாயிற்று. மேலும், அத்தொகுப்பின் முதற்பகுதியில் பியானோ ஒலிக்கிறது. இரண்டாம் பகுதி முழுவதும் மனிதக் குரல்களே. கருவியிசை மட்டும் வேண்டுபவர் மேலட்டையை நம்பி வாங்கினால் ஏமாறுவார்.

மென்மையான இசை என்ற பெயரும் போதிய சான்றன்று. ஆஸ்திரிய இசைமேதை ஹைடன் 1791-இல் இயற்றி, மறு ஆண்டு இலண்டனில் அரங்கேற்றிய 94-ஆம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். தாலாட்டுப்போல் தொடங்கும், மீண்டும் வரும்போது இன்னும் தாழும், பதினாறாம் கட்டத்தின் முடிவில் வாத்தியங்கள் அனைத்தும் திடீரென்று ஒருங்கே முழங்கும். உறங்குவோரை எழுப்பவே அவ்வாறு செய்தார் என்றொரு கதையும் உண்டு. நம்மைப் புன்னகைக்க வைக்கும் அவ்விடம், கூசும் செவியினரை அலற வைக்கும். ஒலியளவு மானி கொண்டு அப்பகுதியின் சராசரியைக் கணித்தால் குறைந்த எண்ணே வரக்கூடும். வகுப்பின் சராசரி மதிப்பெண் அறுபது என்று பெருமைப்படும் தலைமையாசிரியர் கடைசி இருக்கையில் தோற்றவனைக் காணாதது போன்றது இது. பத்து டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. நம் செவிக்கு அது ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகத் தோன்றும். சராசரியை விட இந்த ஏற்றம் எவ்வளவு, எத்துணை விரைவில் நேர்கிறது என்பதே முதலில் நோக்கத்தக்கது.

அடுத்தது ஒலியின் குணம். மனிதச் செவி 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை மிகக் கூர்மையாக உணரும். கண்ணாடி, உலோகம், பீங்கான் இவற்றைத் தட்டி எழுப்பும் ஒலியில் இத்தகைய உயரதிர்வுகள் மிகுதி. எனவே குறைந்த அளவில் ஒலித்தாலும் ஜலதரங்கம் சிலரைக் குத்தக்கூடும். வீணையில் மீட்டும் கணத்தில் ஒரு சுண்டல் உண்டு, புல்லாங்குழலில் அஃதில்லை. ஆனால் ஒலிவாங்கியை வாயருகே வைத்துப் பதிந்த குழலிசையில், கலைஞர் மூச்சை உள்ளிழுக்கும் ஓசை கேட்கும். நாம் அதைக் கவனிப்பதில்லை. மிசோபோனியா உடையவர்க்கோ அதுவே முழு இசையையும் கெடுத்துவிடலாம்.

ஆகவே பிறர்க்கு இசை தேர்ந்தெடுப்பவர் முதலில் தாமே முழுவதையும், ஒலியளவை ஒரே நிலையில் வைத்து, கேட்டுவிட வேண்டும். திடுக்கிடும் இடங்களை நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் உருப்படி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சிறப்பாகக் கவனம் தேவை. இணையத்தில் கேட்பவர்க்கு அவ்விடத்தில்தான் விளம்பரம் வந்து அலறும்! பின்னர் கேட்பவரை ஒலிபெருக்கியினின்று சற்றுத் தள்ளி அமர்த்தி, மிகக் குறைந்த அளவில் ஐந்து நிமிடம் மட்டும் ஒலிக்கச் செய்யலாம். “இனிமையாக இருக்கிறதா?” என்று கேட்டால், நம் மனம் நோகாதிருக்க “ஆம்” என்றே பலர் சொல்வர். “எந்த இடத்தில் உறுத்திற்று?” என்று கேட்பதே முறை. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் வல்ல திருகு அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

நான் தலைமையாசிரியனான பின்னர் இத்தகைய செவியுடைய மாணவி ஒருத்தி எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். நூலக வேளையில் வெளி இரைச்சல் அவளைப் படிக்கவிடாது. முன்பு செய்த பிழை நினைவில் இருந்தமையால், நானே முயன்று குழலிசை நாடா ஒன்றைத் தேர்ந்து கொணர்ந்தேன். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டாள். வீணையும் உதவவில்லை. இசையாசிரியையின் மின் சுருதிப்பெட்டி மேசைமேல் கிடந்தது. அதை அவளே எடுத்து, தம்பூரா நாதத்தை மட்டும் கேட்டும் கேளாததுபோல் வைத்துக்கொண்டாள். இதுவும் ஓர் இசையா என்று ஆசிரியர் ஒருவர் நகைத்தார். “இது போதும் ஐயா, இதில் அடுத்து என்ன வருமென்று எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். மணி அடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை. அடுத்த வாரம் முதல், நூலகத்தின் அருகே தொங்கிய மணியை மறுகோடிக்கு மாற்றச் சொன்னேன்.