காத்திருக்கும் பந்தி



நத்தார் காலத்து ஞாயிறு மாலையொன்றில், கொழும்பு வெள்ளவத்தையின் காலி வீதியிலோ யாழ்ப்பாண நகரிலோ அமைந்துள்ள உணவகமொன்றுக்கு நீங்கள் குடும்பத்தோடு சென்றிருக்கக்கூடும். பிள்ளைகள் புத்தாடை அணிந்திருப்பர். எங்கும் செல்ல விரும்பாத அம்மம்மாவையும் வற்புறுத்தி அழைத்து வந்திருப்பீர்கள். அவ்வேளையில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. வெற்று மேசை கிடைப்பதற்கே அரைமணி நேரம் செல்லும். உணவுக்குச் சொல்லிவிட்டு அமர்ந்தால், முதலில் தந்தையின் புரியாணி மட்டும் வந்து சேரும். ஜெபம் செய்து அவர் உண்ணத் தொடங்குவார். அவர் கைகழுவி வந்த பின்னரே மகனின் கொத்து ரொட்டி வரும். பசியில் அழுது களைத்த சின்னவள், தனது பிரைட் றைஸ் வரும்போது உறங்கிப் போயிருப்பாள். அம்மம்மா கேட்ட இடியப்பமோ முடிந்துவிட்டது என்ற செய்தி இறுதியில் வரும். இடையில் தந்தை பரிமாறும் இளைஞனை இரண்டு தடவை அதட்டியிருப்பார். மகிழ்ச்சிக்காகப் புறப்பட்ட குடும்பம் முச்சக்கரவண்டியில் மௌனமாக வீடு திரும்பும்.

இது சிறிய விடயம் என்று சிலர் கூறலாம். ஆனால் வெளியே சென்று உண்பது நம் நாட்டில் பல குடும்பங்களுக்கு ஆண்டில் ஓரிரு முறையே வாய்க்கின்ற சந்தர்ப்பமாகும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நாம் மறந்துவிடவில்லை. சமையல் எரிவாயு இன்றி உணவகங்கள் பல மூடப்பட்டன. நகர வீடுகளிலும் விறகடுப்பு புகைந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் பணவீக்கம் தணிந்தபோதிலும், ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. அவ்வரியும் வழமையான 10 சதவீத சேவைக் கட்டணமும் அறவிடப்படும் உணவகமாயின் பில் மேலும் கனக்கும். ஆகவே, பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தோடும் எதிர்பார்ப்போடும் வந்த குடும்பத்தின் ஏமாற்றத்தை நாம் எள்ளி நகையாடலாகாது.

எனினும், அந்த மாலை எவ்விடத்தில் கெட்டுப்போனது என்பதைச் சிந்தித்துப் பார்ப்போமா?

சமையலறையின் நடைமுறையைச் சற்று அறிந்துகொள்வது நன்று. புரியாணி பெரிய அண்டாவில் முன்னதாகவே சமைக்கப்பட்டிருக்கும். கேட்டவுடன் தட்டில் இட்டுத் தரலாம். கொத்து ரொட்டியோ சூடேறிய இரும்புத் தகட்டில் ஓடருக்கு ஓடர் கொத்தப்பட வேண்டும். பிரைட் றைஸ் பெருநெருப்பில் தாச்சியில் சிறு அளவுகளாகவே வதக்கப்படும். இருப்பது ஒரு தகடு, இரண்டு மூன்று அடுப்பு. அவற்றில் மண்டபத்திலுள்ள மேசைகளுக்கு மட்டுமன்றி, பொதியாக வாங்கிச் செல்வோருக்கும், வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்துநிற்கும் விநியோக இளைஞர்களுக்கும் உணவு ஆயத்தமாக வேண்டும். ஆகவே ஒரே மேசையில் ஐவர் ஐந்து விதமாகக் கேட்டால், ஐந்தும் ஒன்றாக வருவது அரிது. இதிற் பெரும்பாலும் எவருடைய அலட்சியமும் இல்லை. அது நெருப்புக்கும் நேரத்திற்கும் உள்ள எல்லை.

தட்டுகள் தனித்தனியே வந்தமை சமையலறையால் நேர்ந்தது. தனித்தனியே உண்டமை நம் மேசையில் நேர்ந்தது. மாலை கெட்டது இவ்விடத்திலேயே.

இதே குறையைப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரத்துத் திருச்சபையிலே கண்டார். கி.பி. 55ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திருவிருந்துக்காகக் கூடிவந்தவர்களில் சிலர் தாம் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு உண்டனர். ஒருவர் பசியோடிருக்க, இன்னொருவர் வெறிகொள்ளுமளவு குடித்தார். அக்காலத்துச் செல்வர் இல்லங்களின் உணவறையில் பொதுவாக மூன்று சாய்மஞ்சங்களே இருந்தன. ஒன்பது பேரளவிலேயே அங்கு சாய்ந்திருந்து உண்ணலாம். வேலை முடித்துப் பிந்தி வந்த ஏழைகளும் அடிமைகளும் வெளிமுற்றத்தில் வெறுங்கையோடு நின்றிருப்பர் என்பது விவிலிய ஆய்வாளர் பலரின் கருத்து. இதற்குப் பவுல் பெரும் இறையியல் திட்டமொன்றை வகுக்கவில்லை. பிந்தி வருகிறவர் வரும்வரை பொறுத்திருந்து, சேர்ந்து உண்ணும்படி கேட்டுக்கொண்டார். அவ்வாறு பொறுத்திராத பந்தி ஆண்டவருடைய பந்தியே அல்ல என்று கூறுமளவுக்கு அவர் அதனைப் பாரதூரமாகக் கருதினார்.

அன்பானவர்களே, முதலில் வந்த புரியாணித் தட்டை மேசையின் நடுவில் வைத்து, வெறுந்தட்டுகள் நான்கைக் கேட்டு வாங்கி, அனைவருக்கும் ஒரு பிடி பகிர்ந்திருந்தால் அந்த மாலை எவ்வாறு அமைந்திருக்கும்? சின்னவள் அழுதிருக்கமாட்டாள். இடியப்பம் கிடைக்காத அம்மம்மாவும் உண்டிருப்பார். ஜெபமும் ஒருவருடைய தட்டுக்கு உரியதாகாமல் முழு மேசைக்கும் உரியதாகியிருக்கும். இதற்கு மேலதிகமாக ஒரு ரூபாவும் செலவாகாது.

காத்திருத்தலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பரிமாறும் இளைஞனும் காத்திருக்கிறான்: சமையலறை வாசலில், உங்கள் தட்டுக்காக. தகட்டின் வேகமும் தாச்சியின் அளவும் அவன் கையில் இல்லை. ஆயினும் மண்டபத்தின் கோபம் முழுவதும் அவன் முகத்திலேயே இறங்குகிறது. தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளம் பெறும் ஒருவருக்கு, ஐவர் கொண்ட குடும்பமொன்றின் ஒருவேளைப் பில் அவரது மாத வருமானத்தில் கணிசமான பங்காகும். நாம் குடும்பத்தோடு கூடும் பண்டிகை நாளில், அவன் தன் குடும்பத்தைப் பிரிந்து நமக்காக நிற்கிறான் என்பதையும் எண்ணுங்கள்.

கானாவூர்த் திருமண வீட்டை யோவான் நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். அதுவும் குறைபட்ட விருந்தே. நடுவிருந்தில் திராட்சை இரசம் தீர்ந்துபோனது. மரியாள் அதனைக் கண்டார். வீட்டாரை ஏளனம் செய்யவில்லை, பணியாளரை அதட்டவுமில்லை. தீர்க்க வல்லவரிடம் சென்று, உள்ள குறையைச் சுருக்கமாகக் கூறினார். குறையைக் கூறுவது விசுவாசிக்குத் தகாதது அல்ல என்பதை இதனால் அறிகிறோம். பழுதடைந்த உணவு வந்தாலோ, பில்லில் தவறு இருந்தாலோ, பொறுப்பாளரை அணுகி அமைதியாகச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அடுத்து வருவோருக்கும் நன்மை. ஆனால் தீர்க்க இயலாதவன் மீது கோபத்தைக் கொட்டுவது நீதியாகாது.

அவ்வீட்டில் ஆறு கற்சாடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லீற்றர் கொள்ளும். அவற்றை விளிம்புவரை நிரப்பியவர்கள் பணியாளர்கள். தண்ணீர்க் குழாய் இல்லாத காலத்தில் அது எத்துணை உழைப்பு! இரசம் எங்கிருந்து வந்ததென்று பந்தி விசாரிப்புக்காரர் அறியார். தண்ணீரை மொண்ட பணியாளர்கள் அறிந்திருந்தனர் என்று யோவான் குறிப்பிடுகின்றார். விருந்தினர் பலர் சுவையை மட்டும் கண்டனர். அற்புதத்தை அருகிருந்து கண்டவர்கள் வேலைசெய்தவர்களே. பரிமாறுவோரை இறைவன் எவ்வளவு அண்மையில் வைத்திருக்கிறார் என்பதை இது நமக்குப் புலப்படுத்துகின்றதல்லவா?

பெற்றோரே, பிள்ளைகள் அந்த மேசையில் உணவை மட்டும் உட்கொள்வதில்லை. ஏமாற்றம் வரும்போது அப்பா எவ்வாறு பேசுகிறார், தன்னைவிட எளியவரை அம்மா எவ்வாறு அழைக்கிறார் என்பதையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். கொத்து ரொட்டியின் சுவையை அவர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவர். அதட்டிய குரலை இலகுவில் மறவார். “நன்றி, தம்பி” என்ற சொல்லையும் அவ்வாறே மறவார்.

விழித்திருந்து தம்மை எதிர்கொள்ளும் ஊழியரைப் பந்தியில் அமர்த்தி, எஜமானே இடைக்கச்சை கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பணிவிடை செய்வார் என்று இயேசு லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் கூறுகின்றார். நாம் எதிர்நோக்கியிருக்கும் அந்த விருந்தில் பரிமாறுகிறவர் ஆண்டவரே. அப்பந்தியில் அமர விரும்பும் நாம், இந்தப் பண்டிகைக் காலத்தில் எந்த மேசையில் அமர்ந்தாலும், முதல் தட்டைப் பகிர்ந்துகொள்வோமாக. பரிமாறுகிறவருடைய பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரால் அவரை அழைப்போமாக. வீட்டிலும், சமைத்தவர் வந்து அமரும்வரை உண்ணாதிருப்போமாக.

ஆண்டவர் உங்கள் பந்தியை ஆசீர்வதிப்பாராக!